பத்தாயிரம் வாட்ஸ் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்து கோயில் கொடைக்கு மைக்செட் பேசப் போகிறவர்களும் சரி, தீபாவளிக்கு ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர்களும் சரி, கடையில் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை வாட்ஸ்?" அட்டைப்பெட்டிகளும் அதற்குத் தோதாக 4,000, 10,000 என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்கின்றன. தங்கள் நாளிதழில் வரும் விளம்பரங்களும் இதற்கு விலக்கல்ல என்பதால்தான் இந்தக் கடிதம். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சத்தம் எவ்வளவு வரும் என்றும் சொல்ல முடியாது, பேஸ் எவ்வளவு வரும் என்றும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வாட்ஸ் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது மூன்றாவது, நான்காவதாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

முதலில் காதின் கணக்கு. 50 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிவிட்டு 100 வாட்ஸ் மாட்டினால் கூடுவது 3 டெசிபெல். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினால்தான் 'ஆமாம், கொஞ்சம் கூடியிருக்கு' என்பார்கள். நேற்று ஒன்றும் இன்று ஒன்றுமாகக் கேட்டால் பலருக்கு வித்தியாசமே தெரியாது. சத்தம் இரண்டு மடங்கானது போலக் காதுக்குத் தோன்ற 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. 50 இருந்த இடத்தில் 500. இன்னொரு முறை இரட்டிப்பாக 5,000. வாட்ஸ் பத்துப் பத்து மடங்காக ஏறி, கூடவே காசும் டிரான்ஸ்ஃபார்மரின் எடையும் ஏறும்போது காது இரண்டிரண்டாகத்தான் ஏறும்.

அதே 10 டெசிபெல்லை ஆம்ப்ளிஃபயரைத் தொடாமலே ஸ்பீக்கரை மாற்றிப் பெறலாம். ஸ்பீக்கருடன் வரும் தாளில் 'சென்சிட்டிவிட்டி' என்று ஓர் எண் இருக்கும்: 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபெல் என்பது அது. வீட்டு அலமாரியில் வைக்கும் சின்னப் பெட்டி 84 முதல் 88 வரை இருக்கும். மேடையில் நிற்கும் பெரிய பெட்டி 95 முதல் 100. கோயிலில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் 105-க்கு மேல். 85 உள்ள ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் கொடுத்து வரும் சத்தமும், 95 உள்ளதற்கு 10 வாட்ஸ் கொடுத்து வரும் சத்தமும் ஒன்றுதான், இரண்டுமே 105 டெசிபெல். ஆனால் கடையில் முதலாவதன் மேல் '100' என்றும் இரண்டாவதன் மேல் '10' என்றும் ஒட்டியிருந்தால் எது விற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

குழாய் ஸ்பீக்கரின் கதை இந்தக் கணக்கிலேயே அடங்கிவிடும். (அரசு அறிவிப்புகளில் கூம்பு வடிவ ஒலிபெருக்கி என்று வருவது இதுதான், பல ஊர்களில் காவல்துறை இப்போது இதைக் கட்ட விடுவதில்லை.) 108 டெசிபெல் உள்ள குழாய்க்கு 30 வாட்ஸ் கொடுத்தால் 1 மீட்டரில் ஏறக்குறைய 123. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபெல் குறையும். 256 மீட்டர், அதாவது வயலைத் தாண்டி அடுத்த தெரு, போய்ச் சேரும்போதும் 75 மிச்சமிருக்கும். 85 உள்ள வீட்டுப் பெட்டிக்கு 100 வாட்ஸ் கொடுத்து அதே இடத்தில் நின்றால் 57. காற்றடித்தால் அதுவும் இல்லை. 30 வாட்ஸ் 100 வாட்ஸை அடித்துவிட்டது. ஆனால் அந்தக் குழாயில் பேஸ் கிடையாது. அதன் வாயின் அளவுக்கும் நீளத்துக்கும் 250, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் வெளியே வராது. வராததோடு போகாது, கீழே உள்ள பேஸை அனுப்பினால் குழாயின் பின்னே உள்ள யூனிட்டுக்குள் இருக்கும் தகடு கட்டுப்பாடில்லாமல் ஆடி உடைந்துவிடும். 16 ஓம் யூனிட்டுக்கு வரிசையில் 33 மைக்ரோ ஃபாரட் நான்-போலார் கண்டென்சர் ஒன்று போட்டால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது மட்டுப்படும். ஒரு கண்டென்சருக்குச் சோம்பல்பட்டு யூனிட்டையே மாற்றுவது இன்றும் நடக்கிறது.

வாட்ஸ் எல்லாம் எங்கே போகிறது என்றால், பெரும்பகுதி சூடாகப் போகிறது. 92 டெசிபெல் ஸ்பீக்கர் உள்ளே வாங்கும் 100 வாட்ஸில் ஒலியாக வெளியே வருவது சுமார் 1 வாட். மற்ற 99-உம் வாய்ஸ் காயிலில், அதாவது கோன் எனும் கூம்பை ஆட்டும் கம்பிச்சுருளில், இறங்குகிறது. செம்புக் கம்பி 200 டிகிரி சூடேறினால் 6 ஓம் இருந்தது பத்தரை ஓம் தாண்டிவிடும். பிறகு அதே ஆம்ப்ளிஃபயரிலிருந்து அது வாங்குவது முன்பு வாங்கியதில் பாதிக்குச் சற்றே அதிகம். கச்சேரி தொடங்கி ஒரு மணி நேரத்தில் 'சவுண்ட் இறங்கிடுச்சே' என்று கமிட்டிக்காரர் வந்து நிற்பதும், ஆபரேட்டர் வால்யூமைத் திருகுவதும், அதனால் காயில் இன்னும் சூடாவதும் இதனால்தான்.

அடுத்து அந்தப் பெரிய எண் எப்படிப் பிறக்கிறது என்பது. அட்டைப்பெட்டியில் அந்த எண்ணோடு வரும் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்ச வாட்ஸ்) என்பதற்கு எந்தத் தரநிலையிலும் வரையறை இல்லை. நொடியில் ஒரு சின்னத் துணுக்கு நேரத்துக்கு, ஒலி சிதைவதைப் பற்றிக் கவலைப்படாமல், எல்லாச் சேனல்களையும் கூட்டி, பிறகு பிடித்த எண்ணால் பெருக்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் வணிக ஆணையம் 1974-லேயே வீட்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு விதி போட்டது: எத்தனை ஓமில், எந்த அலைவரிசை முழுவதும், எவ்வளவு சிதைவோடு, தொடர்ந்து எத்தனை வாட்ஸ் என்று சொல்ல வேண்டும் என்று. நம் கடைகளில் கேட்க வேண்டிய சொல் 'ஆர்.எம்.எஸ்.', அதாவது தொடர்ந்து தரும் வாட்ஸ். அதிலும் 10 சதவீதச் சிதைவில் அளந்தது, 1 சதவீதச் சிதைவில் அளந்ததைவிடக் கால்வாசிக்கு மேல் பெரிய எண்ணாகத் தெரியும். ஸ்பீக்கர் பக்கம் இன்னொரு வழக்கம் உண்டு: ஆர்.எம்.எஸ். 100 என்றால் 'புரோகிராம்' 200, 'பீக்' 400. மூன்றும் ஒரே ஸ்பீக்கர்தான்.

பெட்டி மேல் என்ன எழுதியிருந்தாலும் பின்பக்கம் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அடாப்டரில் 12 வோல்ட், 3 ஆம்ப் என்றிருந்தால் 36 வாட்ஸ்; அந்த செட் தொடர்ந்து அதற்கு மேல் தரவே முடியாது. யூ.எஸ்.பி.யில் ஓடும் ஸ்பீக்கருக்கு 5 வோல்ட், 2 ஆம்ப் என்றால் 10 வாட்ஸ். தொட்டியில் ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு குழாயை மட்டும் பெரிதாகப் போட்டு என்ன பயன்?

சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் ஆம்ப்ளிஃபயர் போர்டு வாங்கி அசெம்பிள் செய்பவர்களும் இதே வலையில்தான் விழுகிறார்கள். 12-0-12 வோல்ட், 5 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்வோம். பிரிட்ஜ் டயோடு தாண்டி வருவது பிளஸ் 16, மைனஸ் 16 வோல்ட். சுமை ஏறும்போது இறங்குவதையும் டிரான்ஸிஸ்டர் தின்பதையும் கழித்தால் ஸ்பீக்கருக்கு 14 வோல்ட் உச்சம் கிடைக்கும். 14-ஐ 14-ஆல் பெருக்கி, 4 ஓம் ஸ்பீக்கருக்கு 8-ஆல் வகுத்தால் (4 ஓமின் இரண்டு மடங்கு) 24 வாட்ஸ். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 12. போர்டின் மேல் 200 வாட்ஸ் என்று அச்சடித்திருந்தாலும் இந்த டிரான்ஸ்ஃபார்மரில் இதுதான். 24-0-24 போட்டால் 4 ஓமில் 100 வாட்ஸை நெருங்கலாம். அதற்கு 5200, 1943 என்ற டிரான்ஸிஸ்டர் ஜோடி அசலாக இருக்க வேண்டும், ஹீட் சிங்க்கும் கை அகலத் தகடாக இருந்தால் போதாது. ஐ.சி.களும் அப்படியே. 4440 என்று எல்லோரும் சொல்லும் ஐ.சி. காரின் 13.2 வோல்ட்டில் 6 வாட்ஸ் வீதம் இரண்டு சேனல், இரண்டையும் ஒன்றாக்கி பிரிட்ஜ் செய்தால் 19. 2030 ஐ.சி. 4 ஓமில் 14. 7294-க்கு '100 வாட்ஸ்' என்று பெயர், ஆனால் சிதைவில்லாமல் தொடர்ந்து தருவது 70. இவை மோசமான ஐ.சி.கள் அல்ல. ஒரு வீட்டுக்கு 2030 இரண்டு தாராளம். பொய் சொல்வது அவற்றை ஒட்டிய ஸ்டிக்கர்தான்.

பேஸ் அடிக்கும்போது மட்டும் 'பொத்' என்று அமுங்கிப்போகிறது என்றால் பலர் பெரிய போர்டு வாங்குகிறார்கள். ஃபில்டர் கண்டென்சரை ஒருமுறை பார்க்கலாம். ஒரு பக்கத்துக்கு 2,200 மைக்ரோ ஃபாரட் மட்டும் இருந்து, பேஸ் 2 ஆம்ப் இழுத்தால், அடுத்த முறை நிரம்புவதற்குள் ஏழெட்டு வோல்ட் இறங்கிவிடும். 16 வோல்ட்டில் எட்டு போனால் என்ன மிஞ்சும்? 10,000 போட்டால் இறக்கம் ஒன்றரை, இரண்டு வோல்ட்டோடு நிற்கும். பழைய செட்டில் கண்டென்சரின் தலை உப்பியிருந்தாலும் இதே குறைதான், கூடவே ஹம்மும் வரும்.

இனி பேஸ். இதில்தான் வாட்ஸ் மேல் உள்ள நம்பிக்கை முழுதாகத் தோற்கிறது. பேஸ் என்பது தள்ளப்படும் காற்றின் அளவு. கோனின் பரப்பு, அது முன்னும் பின்னும் ஓடும் தூரம், இரண்டையும் பெருக்கினால் வருவது. அலைவரிசை பாதியாக இறங்கும் ஒவ்வொரு முறையும், அதே சத்தம் வேண்டுமென்றால் கோன் நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டும். 80 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் ஓடியது 40 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டர் ஓட வேண்டும். 5 அங்குல கோனின் பரப்பு சுமார் 90 சதுர சென்டிமீட்டர்; ஒரு பக்கம் 4 மில்லிமீட்டர் ஓடும் என்றால், மூடிய பெட்டியில் 40 ஹெர்ட்ஸில் அது 1 மீட்டர் தூரத்துக்குத் தரக்கூடிய உச்சம் 84 டெசிபெல்லை ஒட்டித்தான். 40 ஹெர்ட்ஸில் 84 என்பது காதுக்கு, பேச்சுக் குரலின் அலைவரிசையில் வரும் 40 டெசிபெல்லைச் சற்றுத் தாண்டியது போலத்தான் கேட்கும். ஆயிரம் வாட்ஸ் கொடுத்தாலும் அவ்வளவுதான். மீறினால் காயில் பின்தகட்டில் இடிக்கும். 12 அங்குல ஊஃபர் (பேஸுக்கான ஸ்பீக்கர்) 530 சதுர சென்டிமீட்டர். 6 மில்லிமீட்டர் ஓடினால் அதே இடத்தில் 102-ஐத் தாண்டும். இந்த 18 டெசிபெல் வித்தியாசத்தை வாட்ஸால் ஈடுகட்ட 60 மடங்குக்கு மேல் வேண்டும், அதைத் தாங்கும் 5 அங்குல ஸ்பீக்கர் உலகத்திலேயே கிடையாது.

அப்படியானால் சின்ன செட்டில் கேட்கும் அந்த 'தும் தும்' என்ன? பெரும்பாலும் 80 முதல் 120 ஹெர்ட்ஸுக்குள் உள்ள ஒரு மேடு. பெட்டியையும் அதன் ஓட்டையில் உள்ள போர்ட் குழாயையும் அந்த இடத்தில் எகிறும்படி அமைத்திருப்பார்கள். தவில் அடித்தாலும் ஒரே சுருதி, பேஸ் கிட்டார் வந்தாலும் அதே சுருதி. கேட்பவருக்கு அது பேஸ் என்றே பழகிப்போகிறது.

ஊர்ப்பக்கம் மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துப் பாட்டுக் கேட்ட பழக்கம் பலருக்கு நினைவிருக்கும். அது வெறும் விளையாட்டல்ல. பெட்டியில்லாத ஸ்பீக்கரில் கோன் முன்னால் காற்றை அழுத்தும்போது பின்னால் காற்று இளகும். நீண்ட பேஸ் அலைகள் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பானை பின்பக்க அலையை உள்ளே பூட்டிவிடுகிறது. வாட்ஸ் ஒன்றுகூடக் கூடாமல் பேஸ் வந்துவிடும். பானைக்கென்று ஒரு சுருதி உண்டு என்பதால் அது மட்டும் தூக்கலாகக் கேட்கும். அதே காரணத்தால்தான் மரப்பெட்டியில் ஒயர் போகும் ஓட்டையை அடைக்காமல் விட்டாலும் பேஸ் போகிறது, பலகை மெல்லியதாக இருந்தாலும் போகிறது. 12 அங்குல ஊஃபருக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட், உள்ளே குறுக்குக்கட்டை, மூலையெல்லாம் பசை. இது 200 வாட்ஸ் கூட்டுவதைவிட மலிவு. போர்ட் உள்ள பெட்டியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது டியூன் செய்த அலைவரிசைக்குக் கீழே கோனைத் தாங்கிப் பிடிக்க உள்ளே காற்றழுத்தம் இருக்காது. 45 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்த பெட்டிக்கு 30 ஹெர்ட்ஸ் அனுப்பினால், கம்பெனி சொன்ன வாட்ஸில் பாதிகூட எட்டாமலே கோன் எல்லை தாண்டும். மிக்ஸரில் அல்லது கிராஸ்ஓவரில் 'லோ கட்' (கீழ் ஒலியை வெட்டும் வசதி) இருந்தால் அதை டியூனிங்குக்குச் சற்றுக் கீழே வைப்பது நல்லது.

வீட்டில் இதைவிடப் பெரிய ஆள் அறைதான். நம் வீடுகளில் பத்துக்குப் பத்து அறை அதிகம். உயரமும் பத்தடி என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் 57 ஹெர்ட்ஸ் என்ற ஒரே இடத்தில் அதிரும். அந்தச் சுருதி வந்தால் ஜன்னல் கம்பி கூட முனகும், நடு அறையில் உட்கார்ந்தவருக்கோ அதே சுருதி காணாமல் போகும். செட்டை மாற்றும் முன் செய்து பார்க்க வேண்டியது இது: சப்ஊஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் குனிந்தபடி சுற்றி வாருங்கள். எல்லாச் சுருதியும் ஓரளவு சமமாகக் கேட்கும் இடம் ஒன்று அகப்படும். சப்ஊஃபரை அங்கே வைத்துவிட்டு நீங்கள் உங்கள் இடத்துக்குப் போங்கள். மூலையில் தள்ளினால் பேஸ் கூடத்தான் செய்யும், ஆனால் எது கூடுகிறது என்பது அறையின் விருப்பம். பின்பக்கம் 0, 180 என்று ஃபேஸ் சுவிட்ச் இருந்தால் இரண்டிலும் கேட்டுப் பார்த்து, பேஸ் அதிகமாக வரும் பக்கம் விடவும்.

குறைந்த வால்யூமில் பேஸ் வரவில்லை என்ற புகாருக்கும் ஆம்ப்ளிஃபயர் காரணமல்ல. மெதுவான ஒலியில் மனிதக் காது பேஸை மற்ற ஒலிகளைவிட அதிகமாகத் தவறவிடும். 1933-லேயே ஃபிளெட்சர், மன்சன் இருவரும் இதை அளந்து காட்டிவிட்டார்கள். பழைய செட்டுகளில் 'லவுட்னஸ்' என்ற பொத்தான் இருந்தது இதற்காகத்தான். இரவில் அழுத்தலாம், முழு வால்யூமில் எடுத்துவிட வேண்டும்.

எடுக்காமல் விடுவதால் வரும் கேட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பேஸ் குமிழை முழுக்கத் திருகினால் 12 டெசிபெல் ஏறும். அந்த இடத்தில் மட்டும் 16 மடங்கு வாட்ஸ் கேட்கிறீர்கள் என்று பொருள். 20 வாட்ஸில் ஓடிக்கொண்டிருந்த 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரிடம் 320 கேட்டால் அது எங்கே போகும்? அலையின் தலையை வெட்டிவிட்டுத் தட்டையாகக் கொடுக்கும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். பேஸ் அதற்கு மேல் ஏறாது, ஆனால் நீங்கள் வால்யூமைத் திருகத் திருக மற்ற ஒலிகள் ஏறிக்கொண்டே இருக்கும். தட்டையான தலையிலிருந்து புதிதாகக் கூர்மையான ஒலிகளும் பிறக்கும். இவை எல்லாம் போய்ச் சேரும் இடம் ட்வீட்டர், அதாவது கூர்மையான ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர். '200 வாட்ஸ்' பெட்டியில் உள்ள ட்வீட்டர் உண்மையில் பத்து இருபது வாட்ஸ் தாங்கும் பிள்ளை. பாட்டின் சக்தி பெரும்பகுதி கீழே இருக்கிறது என்ற தைரியத்தில் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். அதனால்தான் சின்ன ஆம்ப்ளிஃபயர் பெரிய ஸ்பீக்கரைக் காலி செய்வது. போதாக்குறைக்கு, 'ட்ரெபிள் பத்தலை' என்று 8 ஓம் ட்வீட்டரின் 4.7 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரை எடுத்துவிட்டு 10 போடுகிறார்கள். 4,200 ஹெர்ட்ஸில் தொடங்க வேண்டியது 2,000-லேயே தொடங்கி, அடுத்த விசேஷத்துக்குள் ட்வீட்டர் புகைந்துவிடும்.

போன ஊஃபரைத் திறந்து பார்த்தால் எதனால் போனது என்று அதுவே சொல்லும். காயில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் கறுத்து, வார்னிஷ் பொரிந்து, தீய்ந்த வாடை அடித்தால், அளவுக்கு மீறிய சராசரி வாட்ஸ். பெரும்பாலும் கிளிப்பிங்கில் மணிக்கணக்காக ஓடியிருக்கும். காயில் செப்பு நிறம் மாறாமல் இருந்து, சுற்றியிருக்கும் உருளையின் அடிவிளிம்பு மட்டும் நசுங்கியிருந்தால், காயிலைத் தாங்கும் ஸ்பைடர் கிழிந்திருந்தால், கோனுக்குப் போகும் சடை ஒயர் அறுந்திருந்தால், தாங்க முடியாத பேஸ். வாட்ஸ் குறைவாக இருந்தும் போயிருக்கும். கோன் ஒரு பக்கமாகவே தள்ளி நின்று காயில் கருகியிருந்தால் ஸ்பீக்கர் மேல் தப்பே இல்லை. ஆம்ப்ளிஃபயரில் டிரான்ஸிஸ்டர் ஷார்ட் ஆகி நேர்மின்சாரம் (டி.சி.) வந்திருக்கிறது. புது கோன் போட்டு அதே ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் அதுவும் போகும். மாட்டுவதற்கு முன் ஸ்பீக்கரைக் கழற்றி, பாட்டு எதுவும் கொடுக்காமல், அவுட்புட்டில் மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரை மாட்டவே மாட்டாதீர்கள். திறக்காமலே பார்க்க வேண்டுமானால், கோனை நான்கு விரலால் சமமாக மெல்ல அழுத்துங்கள். 'கர கர' என்றால் காயில் உரசுகிறது. ஓம் பார்த்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 காட்டும், 4 ஓம் 3-ஐ ஒட்டிக் காட்டும். அது குறையல்ல.

மேடையில் செலவில்லாமல் கிடைக்கும் சத்தத்தை விட்டுவிட்டு வாட்ஸ் தேடுவதும் வாடிக்கையாகிவிட்டது. ஒயர் ஒன்று. 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரை 30 மீட்டர் இழுத்து, கடைசியில் 8 ஓம் பெட்டி இரண்டைச் சேர்த்து மாட்டினால், போய்வரும் ஒயரின் மின்தடை 1.4 ஓமை நெருங்கும். ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளுக்குக் கொடுக்க வேண்டியதில் பாதிக்குச் சற்று மேல்தான் போய்ச் சேரும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டாலே பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ஆம்ப்ளிஃபயரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. 8 ஓம் பெட்டி நான்கை ஒரே சேனலில் சேர்த்தால் 2 ஓம். '4 ஓம் வரை' என்று எழுதியுள்ள ஆம்ப்ளிஃபயரில் இதைச் செய்தால் முதல் அரைமணி நேரம் அமோகமாக இருக்கும்.

பேஸ் பெட்டி வைக்கும் இடம் இன்னொன்று. மேடைக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று முப்பதடி தள்ளி வைப்பது பார்வைக்கு அழகுதான். ஆனால் ஒரு பெட்டியிலிருந்து மற்றதைவிட 2.9 மீட்டர் கூடுதல் தூரத்தில் நிற்பவருக்கு 60 ஹெர்ட்ஸ் அழிந்தே போகும். நடுவில் நிற்பவருக்கு நெஞ்சில் இடிக்கும், பத்தடி தள்ளி நிற்பவருக்கு ஒன்றுமிருக்காது. இரண்டையும் ஒட்டி ஒரே இடத்தில் வைத்தால் ஒரு பெட்டியைவிட 6 டெசிபெல் கிடைக்கும். அதில் 3 இரட்டிப்பான வாட்ஸால், மற்ற 3 சேர்ந்து தள்ளுவதால். இரண்டாவது 3 டெசிபெல் இனாம். ஆம்ப்ளிஃபயரை இரட்டித்ததற்குச் சமம். அப்படி வைத்தும் பேஸ் குறைந்தால் ஒரு பெட்டியில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்றரை வோல்ட் பேட்டரியின் பிளஸைச் சிவப்பு முனையிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டால் கோன் முன்னால் வர வேண்டும். ஒன்று முன்னும் மற்றது பின்னும் போனால் ஒன்றில் ஒயரை மாற்றிப் போடவும். ரீகோன் செய்து (கோனும் காயிலும் புதிதாகப் போட்டு) வந்த ஊஃபரில் இது அடிக்கடி நடக்கும்.

சட்டத்தின் பக்கமும் ஒரு வார்த்தை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்கின்றன. ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில் சுற்றுப்புற அளவைவிட 10 கூட, அல்லது 75, இதில் எது குறைவோ அது. எல்லாமே 'ஏ' எடை போட்ட டெசிபெல், அதாவது காது கேட்கும் விதத்துக்கேற்பக் கழித்துக் கணக்கிட்டது. அந்த எடை 63 ஹெர்ட்ஸில் 26-ஐக் கழித்துவிடும். அதாவது பக்கத்து வீட்டுப் பாத்திர அலமாரியைக் குலுக்கும் 100 டெசிபெல் பேஸ், மீட்டரில் 74 என்று சாதுவாக நிற்கும். டி.ஜே. பெட்டிகள் வந்த பிறகு 'மீட்டரில் வரம்புக்குள்தானே இருக்கு' என்று ஒருவரும், 'எங்க வீட்டு ஜன்னல் ஆடுதே' என்று இன்னொருவரும் சண்டை போடுவதில் இருவருமே பொய் சொல்லவில்லை. அளக்கும் கருவியில் 'சி' என்று இன்னொரு நிலை உண்டு, அது 63 ஹெர்ட்ஸில் 1 டெசிபெல்கூடக் கழிக்காது. இரண்டிலும் அளந்து, வித்தியாசம் 15, 20 என்று வந்தால் தொல்லை பேஸால்தான். சுவர் அதைத் தடுக்காது. குறைக்க ஒரே வழி பெட்டியின் வால்யூமைக் குறைப்பது.

இத்தனையும் வாசகர்கள் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவது சிரமம். நாளிதழின் பங்குக்கு ஒன்று செய்யலாம். ஒலிக் கருவி விளம்பரம் வரும்போது நான்கு எண்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்: எத்தனை ஓமில், எத்தனை சதவீதச் சிதைவில், ஒரு சேனலுக்கு எத்தனை ஆர்.எம்.எஸ். வாட்ஸ்; 1 வாட்டுக்கு 1 மீட்டரில் எத்தனை டெசிபெல்; 3 டெசிபெல் இறக்கத்தில் எத்தனை ஹெர்ட்ஸ் வரை பேஸ் போகும்; ஊஃபர் எத்தனை அங்குலம். இடம் போதாது என்று விளம்பரதாரர் சொன்னால், அந்தப் பி.எம்.பி.ஓ. எண்ணை எடுத்துவிடச் சொல்லுங்கள். அது இருக்கும் அளவுக்கு நான்கும் தாராளமாகக் கொள்ளும்.

இப்படிக்கு,
ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் வாசகர்கள் சிலர்,
திருநெல்வேலி.